ஓஹ்தெரே சொன்ன வடக்கு

ஆல்ஃபிரட் மன்னர் வெஸ்ஸெக்ஸை ஆண்ட காலத்தில் (871–899) அவரிடம் நார்வேக்காரர் ஒருவர் வந்தார். பெயர் ஓஹ்தெரே. வடவர் எல்லாரிலும் வடக்கே குடியிருப்பவர் தாம்தான் என்பது அவர் சொல்லிக்கொண்ட பெருமை. வீடு ஹாலொகலாந்தில், நார்வேயின் வடகோடியில். 600 கலைமான்கள் வைத்திருந்தார். மாடு, செம்மறி, பன்றி மட்டும் வகைக்கு 20 தான். தம் ஊருக்கு வடக்கே நிலம் எதுவரை நீள்கிறது, அங்கே யாராவது வசிக்கிறார்களா என்று பார்த்துவிடக் கப்பலேறிய கதையை அவர் மன்னரிடம் விவரித்தார். ஒரோசியஸ் லத்தீனில் எழுதிய உலக வரலாற்றை அக்காலத்தில் பழைய ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்கள், நூலின் நிலவியல் பகுதியில் இந்தக் கதையையும் சேர்த்துவிட்டார்கள். பேசியவரின் மொழி நார்ஸ், எழுதியவரின் மொழி ஆங்கிலம். இரண்டும் பங்காளி மொழிகள். திசைச் சொற்கள் ஏறத்தாழ ஒன்றே. கடலோடி ஒருவரின் வாயில் அச்சொற்கள் எப்படிப் புழங்கின என்பதற்கு இதைவிட நல்ல பழைய சான்று ஆங்கிலத்தில் இல்லை என்பேன்.

கதை இப்படிப் போகிறது. கரையை ஒட்டி நேர் வடக்காக மூன்று நாள்; திமிங்கில வேட்டைக்காரர்கள் அதற்கு மேல் போவதில்லை. அவர் இன்னும் மூன்று நாள் போனார். அங்கே நிலம் கிழக்கே திரும்பியது. மேற்கிலிருந்தும் சற்றே வடக்கிலிருந்தும் அடிக்கும் காற்றுக்காகக் காத்திருந்து, நான்கு நாள் கிழக்கே ஓடினார். பிறகு நிலம் தெற்கே வளைந்தது. நேர் வாடைக்காற்றுக்காக மறுபடி காத்திருந்து, ஐந்து நாள் தெற்கே ஓடினார். ஒரு பெரிய ஆற்றின் முகத்துவாரம் வந்தது.

வரைபடத்தை விரித்து இதைச் சரிபார்த்தால் இடிக்கிறது. நார்வேயின் அந்தக் கரை வடக்கே போவதில்லை, வடகிழக்கே போகிறது. வடமுனையைத் தாண்டியதும் கிழக்காகவும் தென்கிழக்காகவும் சரிகிறது. வெள்ளைக் கடலை நெருங்கிய பிறகுதான் தெற்கு. அதே நூலின் ஜெர்மானியா பகுதியிலும் இதே கோளாறு தென்படுகிறது. சாக்சனியர்களுக்கு வடக்கே ஒபொத்ரித்துகள் என்ற இனத்தார் இருப்பதாக அது சொல்கிறது. உண்மையில் அவர்கள் இருந்தது வடகிழக்கே. கெம்ப் மலோன் என்ற அமெரிக்க அறிஞர் 1930 இல் இந்த வேறுபாடுகளைத் தொகுத்து, ஆல்ஃபிரட் காலத்து வடக்கு நம் வடக்கு இல்லை, கடிகாரமுள் திசையில் சுமார் 45 பாகை தள்ளியிருந்த ஒரு தனித் திசைமுறை அது என்று வாதிட்டார். வாதம் வெகுகாலம் நின்றது. 1985 இல் மிகைல் கோர்ஹாமர் அதை மறுத்தார். சரிந்த திசைமுறை என்று எதுவும் கிடையாது, நான்கைந்து சொற்களை வைத்துக்கொண்டு முழுவட்டத்தையும் சொல்ல வேண்டியிருந்தவர்களின் பொதுப்படையான பேச்சுதான் அது என்பது அவர் கட்சி.

எனக்குக் கோர்ஹாமர் பக்கமே சரியாகப் படுகிறது. அதற்கான காரணம் ஓஹ்தெரேயின் பேச்சிலேயே இருக்கிறது. கரை எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு அவரிடம் வடக்கு, கிழக்கு, தெற்கு என மூன்றே சொற்கள். காற்று என்று வந்ததும் பேச்சு நுணுக்கமாகிவிடுகிறது: மேற்கு, அதோடு கொஞ்சம் வடக்கு. கரையோர ஓட்டத்தில் நிலம் கண்ணுக்குத் தெரிந்தபடியே இருக்கும். அது எத்தனை பாகை சாய்கிறது என்று அறிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒற்றைச் சதுரப் பாயை நம்பிப் போகிறவருக்குக் காற்று அரைக்கால் பங்கு மாறினாலும் பிழைப்பு மாறிவிடும். துல்லியம் முதலில் காற்றுக்குத்தான் தேவைப்பட்டது, நிலத்துக்கு இல்லை. இடைக்கால ஆங்கிலத் திசைச் சொற்களின் வரலாற்றை இந்த இடத்திலிருந்து படித்தால் பல முடிச்சுகள் அவிழ்கின்றன.

இலக்கணத்தைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் 'நோர்த்' என்றால் வடக்கு நோக்கி. 'நோர்தன்' என்றால் வடக்கிலிருந்து. கிழக்குக்கும் மேற்குக்கும் தெற்குக்கும் இதே இரட்டை வடிவங்கள் இருந்தன. போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. காற்றுக்கு எப்போதும் இரண்டாவதுதான்: 'நோர்தன் விண்ட்', வடக்கிலிருந்து வருவது. ஓரிடம் இன்னோர் இடத்துக்கு வடக்கே இருக்கிறது என்று சொல்லவும் 'பே நோர்தன்' என்று வருகை வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள். இவை பெரும்பாலும் வினையடைகள், நடையையும் ஓட்டத்தையும் ஒட்டிக்கிடந்தவை. வடக்கு என்று ஒரு பொருள், சுட்டிக்காட்டக்கூடிய ஒரு பிரதேசம், பிற்பாடுதான் மெல்ல மெல்லத் திரண்டது.

சொற்களின் வேரும் கருவியைக் காட்டவில்லை, வானத்தைக் காட்டுகிறது. 'ஈஸ்ட்' என்பது விடியலைக் குறித்த வேரிலிருந்து வந்தது. வடமொழியின் உஷஸும் லத்தீனின் அரோராவும் அதன் உறவுகள். 'வெஸ்ட்' மாலையைக் குறிக்கும் லத்தீன் 'வெஸ்பர்' குடும்பத்தோடு சேர்க்கப்படுகிறது. 'சவுத்' சூரியனோடு தொடர்புடையது என்பது பரவலான கருத்து. 'நார்த்' மட்டும் அறிஞர்களுக்குள் தகராறு. இடப்பக்கம் என்பது ஒரு கட்சி, கீழ்ப்பக்கம் என்பது இன்னொன்று. உதயத்தைப் பார்த்து நிற்பவருக்கு இடக்கை வடக்கில்தான் இருக்கும். வடமொழியில் தட்சிணம் வலப்பக்கத்தையும் தெற்கையும் சேர்த்துக் குறிப்பது அதே நிலையிலிருந்துதான். பழைய அயர்லாந்து மொழியிலும் அப்படியே.

ஆனால் உதயத்தை நம்பிக் கிழக்கைச் சொன்னால் என்ன ஆகும்? லண்டன் அட்சரேகையில் நடுக்கோடையில் சூரியன் ஏறத்தாழ வடகிழக்கில் உதிக்கும், நடுக்குளிர்காலத்தில் தென்கிழக்கில். இடைவெளி சுமார் 80 பாகை. வட்டத்தில் கிட்டத்தட்டக் கால்வாசி. ஓஹ்தெரேயின் ஊரிலோ கோடையில் சூரியன் மறைவதே இல்லை. ஆகவே 'கிழக்கு' என்றது ஓர் அகலமான பக்கம். மலோன் கணக்கிட்ட 45 பாகைப் பிழை அந்த அகலத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

திசை, பேசுகிறவர் நிற்கும் இடத்தோடும் கட்டுண்டிருந்தது. நார்வே என்ற நாட்டின் பெயரே 'வடக்கு வழி' என்ற கடற்பாதையின் பெயர். ஸ்காட்லாந்தின் சதர்லாந்து இன்னும் வேடிக்கை. பிரிட்டன் பெருநிலத்தின் வடமேற்கு மூலையான கேப் ராத் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது, பெயர் 'தென்னாடு'. சூட்டியவர்கள் அதற்கும் வடக்கே ஆர்க்னி பக்கத்தில் ஆட்சி செய்த நார்ஸ்காரர்கள். மேற்குக் கரைத் தீவுகளையும் அவர்கள் 'தென் தீவுகள்' என்றே அழைத்தார்கள். அந்தச் சொல் தேய்ந்து 'சோடோர்' ஆகி, மேன் தீவின் பிஷப் பட்டத்தில் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. (கேப் ராத்துக்கும் ஆங்கிலச் சினத்துக்கும் சம்பந்தமில்லை, கப்பல் திரும்புமிடம் என்ற நார்ஸ் சொல்லின் திரிபு அது.) மேற்கு நார்வேக்காரர்கள் வடகிழக்கை 'நில வடக்கு' என்றும் தென்மேற்கை 'வெளித் தெற்கு' என்றும் சொன்னார்கள். அவர்கள் கரையில் நின்று பார்த்தால் உள்நாடு ஒரு பக்கம், திறந்த கடல் மறுபக்கம். ஐஸ்லாந்தில் குடியேறியபோது இச்சொற்களையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். அங்கே நிலமும் கடலும் வேறு மாதிரி கிடந்தன; சொற்கள் மாறவில்லை.

இங்கிலாந்தின் ஊர்ப்பெயர்களும் இதே ரகம்தான். நார்ஃபோக் வடக்குச் சனம், சஃபோக் தெற்குச் சனம். இருவரும் கிழக்கு ஆங்கிலியர்களுக்குள் வடக்கும் தெற்கும். தேம்ஸுக்குத் தெற்கே இருந்ததால் சரே 'தென்வட்டம்'. நாடெங்கும் இறைந்துகிடக்கும் சட்டன், நார்ட்டன், வெஸ்டன், ஆஸ்டன் எல்லாம் ஏதோ ஒரு தாய்க்கிராமத்துக்குத் தெற்கு, வடக்கு, மேற்கு, கிழக்குப் பண்ணைகள்.

இது கடலோரத்துப் பேச்சு, வயல்வெளிப் பேச்சு. மடாலயத்தில் நடந்தது வேறு. செவில் நகர இசிதோர் 12 காற்றுகளின் லத்தீன் பெயர்களைப் பட்டியலிட்டு வைத்திருந்தார். ஐரோப்பியத் துறவிகள் அதை உருப்போட்டார்கள். பேரரசர் சார்லமேனுக்கு இது பொறுக்கவில்லை போலும். அவர் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் ஒரு செய்தியைத் தருகிறார்: அதுவரை ஃபிராங்கிய மொழியில் நான்கு காற்றுகளுக்குப் பெயர் சொல்வதே கஷ்டம், சார்லமேன் 12 காற்றுகளுக்கும் தம் மொழியில் பெயர் வைத்தார். வேர்ச்சொற்கள் நான்குதான். கிழக்குக் காற்று 'ஓஸ்ட்ரோனி', தெற்குக் காற்று 'சுண்ட்ரோனி'. இடையில் இரண்டு: கிழக்கை ஒட்டியது 'ஓஸ்ட்சுண்ட்ரோனி', தெற்கை ஒட்டியது 'சுண்டோஸ்ட்ரோனி'. எந்தச் சொல் முன்னால் நிற்கிறதோ அதற்குப் பக்கம் அதிகம். கருவி எதுவும் இல்லாமலே வட்டத்தை 12 துண்டாக்கிப் பெயரிட இந்த எளிய உத்தி போதுமானதாக இருந்தது. சொற்களைக் கோத்துத் திசை செய்யும் வழக்கம் வடகடல் மொழிகளுக்குப் பொதுச்சொத்து. பழைய ஆங்கிலத்திலும் 'வடகிழக்கு' உண்டு, 'கிழக்குவடக்கு' உண்டு. மேலே சொன்ன ஜெர்மானியா பகுதியிலேயே ஒபொத்ரித்துகளுக்கு அடுத்து 'ஏயஸ்ட்நோர்த்' என்று கிழக்கு முன்னாலும் வடக்கு பின்னாலுமாக ஒரு சொல் வருகிறது. வடக்கோ தெற்கோதான் முதலில் வர வேண்டும் என்ற விதி அப்போது இறுகியிருக்கவில்லை.

சுமார் ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஆல்ஃப்ரிக் என்ற துறவி தம் காலக்கணித நூலில் நான்கு தலைமைக் காற்றுகளை ஆங்கிலத்திலும் லத்தீனிலும் சொல்லி, ஒவ்வோர் இடைவெளியிலும் இரண்டிரண்டாக எட்டுச் சிறு காற்றுகள் உண்டு என்று முடித்துக்கொள்கிறார். அவற்றின் பெயர்களுக்குள் அவர் போகவில்லை. ராம்சி மடத்தின் பிர்ட்ஃபெர்த் போன்றவர்களுக்குத் திசை இறையியல். அவர் அமைத்த புகழ்பெற்ற வட்டப்படத்தில் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்குக்கான கிரேக்கப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஆதாம்' என்று வரும். முதல் மனிதனின் பெயர் நான்கு திக்குகளிலிருந்தும் எடுக்கப்பட்டது என்ற இந்தக் கருத்து அக்காலத்துக்கு மிகப் பிடித்தமானது. அழகான கட்டுமானம்தான், அதைக் கொண்டு ஒரு படகைக்கூடத் திருப்ப முடியாது.

1066 இல் நார்மன்கள் வந்தபின் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் இறங்கின. ஓரியண்ட், ஆக்ஸிடெண்ட், மெரிடியன், செப்டென்ட்ரியன் எல்லாம் அந்த வரிசையில் வந்தவை. கவிதையிலும் வானியலிலும் உலவின; தெருவில் எடுபடவில்லை. கவிஞர் சாசர் 1391 வாக்கில் தம் பத்து வயது மகன் லூயிஸுக்காக ஆஸ்ட்ரோலேப் என்ற வானளவைக் கருவியைப் பற்றி எழுதிய நூலில் இரண்டு வரிசைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் காணலாம். வளையத்திலிருந்து கீழிறங்கும் கோடு தெற்குக் கோடு, அதாவது மெரிடியனல் கோடு. அதன் கீழ்ப்பாதி வடக்குக் கோடு, அதாவது நள்ளிரவுக் கோடு. பையனுக்குப் புரிவதற்கு நாட்டுச் சொல், புத்தகம் படிக்கும்போது தடுக்காமலிருக்க லத்தீன் சொல். கிழக்குப் பக்கத்துக்குக் கருவியின் வலப்பக்கம் என்று பெயர்; ஆனால் வளையத்தை வலக்கைக் கட்டைவிரலில் மாட்டிப் பிடித்தால் அந்த வலப்பக்கம் பிடித்திருப்பவரின் இடப்பக்கம் வரும். இதை மறந்துவிடாதே என்று தனியாக எச்சரிக்கிறார். கிழக்குக் கோட்டின் நுனியில் ஒரு சிறு சிலுவைக் குறி இருப்பதையும் சொல்கிறார்.

இதற்கிடையே இலக்கணம் தேய்ந்துபோனது. மத்திய ஆங்கிலத்தில் சொல்லின் கடைசி அசைகள் மங்க மங்க, 'நோர்த்'துக்கும் 'நோர்தன்'னுக்கும் இருந்த வேறுபாடு காதில் விழாமல் போயிற்று. எங்கிருந்து என்பதைச் சொல்ல முன்னிடைச்சொல் தேவைப்பட்டது. 'வடக்கிலிருந்து' என்று தனியாகச் சொல்ல வேண்டுமென்றால் வடக்கு ஒரு பெயர்ச்சொல்லாக இருந்தாக வேண்டும்; 'தி நார்த்' என்று சுட்டிடைச்சொல்லோடு அது ஓர் இடமாக நிலைபெற்றது. ஐஸ்லாந்து மொழியில் பழைய இரட்டை வடிவம் இன்றும் உயிரோடிருக்கிறது. ஆங்கிலத்தில் அதன் இழப்பும் வடக்கு ஒரு நாடாக, ஒரு குணமாக வளர்ந்ததும் கைகோத்தே நடந்தன என்பது என் கணிப்பு. ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் தென்னவர், வடவர் என இரு அணியாகப் பிரிந்து தெருவில் அடித்துக்கொண்டார்கள். வேல்ஸ்காரர்களும் அயர்லாந்துக்காரர்களும் தென்னவர் கணக்கு, ஸ்காட்லாந்துக்காரர்கள் வடவர் கணக்கு. 1274 இல் அந்தப் பிரிவை ஒழித்தார்கள். அரச வனங்களின் நிர்வாகமும் ட்ரென்ட் ஆற்றுக்கு இப்புறம், அப்புறம் என்று பிரிந்திருந்தது. வடக்கின் பேர் கெட்டதற்கு விவிலியமும் ஒரு காரணம்; ஏசாயாவின் 14ஆம் அதிகாரத்தில் தன் சிங்காசனத்தை உயர்த்த நினைக்கும் விடிவெள்ளி வடபுறத்தையே தேடுகிறான். சாசரின் கதை ஒன்றில் பிசாசிடம் வீடு எங்கே என்று கேட்டால், தொலைவில் வடநாட்டில் என்று பதில் வருகிறது.

காந்த ஊசி வந்தது 12ஆம் நூற்றாண்டில். செயின்ட் ஆல்பன்ஸில் 1157 இல் பிறந்த அலெக்ஸாந்தர் நெக்கம்தான் ஐரோப்பாவில் அதைப் பற்றி முதலில் எழுதியவர். மேகம் மூடிச் சூரியன் தெரியாதபோது மாலுமிகள் ஊசியைக் காந்தக்கல்லில் தொட்டுவைப்பார்கள், அது சுழன்று நிற்கும்போது முனை வடக்கைப் பார்க்கும் என்று அந்த நூற்றாண்டின் கடைசி வாக்கில் குறித்துவைத்தார். ஏதோ புது அதிசயத்தைச் சொல்லும் தொனி அவரிடம் இல்லை; மாலுமிகளிடையே நடப்பிலிருந்த வழக்கமாகவே சொல்லிப்போகிறார். பெயர் அப்போது 'காம்பஸ்' இல்லை. அந்தச் சொல்லுக்கு வட்டம், சுற்றளவு, சூழ்ச்சி என்றெல்லாம் பொருள் இருந்தது. மாலுமிகளுக்கு அது 'ஊசியும் கல்லும்'. 1436 ஐ ஒட்டி எழுதப்பட்ட ஆங்கில வணிகக் கொள்கைக் கவிதை ஒன்றும், ஐஸ்லாந்துக்குப் போகும் கப்பல்களைப் பற்றிப் பேசும்போது ஊசியையும் கல்லையும்தான் சொல்கிறது. கல்லுக்குப் பின்னாளில் வந்த 'லோட்ஸ்டோன்' என்ற பெயரில் இருப்பது வழி என்னும் பழைய ஆங்கிலச் சொல். வழிகாட்டும் விண்மீன் 'லோட்ஸ்டார்', வழிகாட்டும் மாலுமி 'லோட்ஸ்மன்', வழிகாட்டும் கல் 'லோட்ஸ்டோன்'.

ஊசி செய்த பெரிய மாற்றம் வட்டத்தைச் சம துண்டுகளாக்கியது. சாசர் அதே ஆஸ்ட்ரோலேப் நூலில், அடிவானத்தை நாம் 24 பங்காகப் பிரிக்கிறோம், கப்பல்காரர்கள் 32 ஆகக் கணக்கிடுகிறார்கள் என்று போகிற போக்கில் சொல்கிறார். 1374 முதல் பத்தாண்டுக்கு மேல் லண்டன் துறைமுகச் சுங்கத்தில் கம்பளிக் கணக்குப் பார்த்தவர். கப்பல்காரர்களின் பேச்சு அவர் காதில் விழாத நாள் இருந்திருக்காது. 32 பங்கு என்றால் ஒன்றுக்கு 11¼ பாகை. 'கொஞ்சம் வடக்கு' என்று ஓஹ்தெரே குத்துமதிப்பாகச் சொன்ன இடத்தில் இப்போது ஒரு கோடு, அதற்கொரு பெயர். அந்த 32 பெயர்களும் பழைய நான்கு சொற்களாலேயே கட்டப்பட்டன. இரண்டைக் கோத்தால் எட்டு, மூன்றைக் கோத்தால் பதினாறு. மிச்சத்துக்கு 'பை' என்ற சிறு சொல்லைச் செருகினார்கள்.

இது எழுத்தில் எப்படி இருந்தது என்று பார்க்க லான்ஸ்டவுன் 285 என்ற கையெழுத்துப் பிரதி உதவுகிறது. சர் ஜான் பாஸ்டனுக்காக வில்லியம் எபெஷம் என்ற எழுத்தர் 1460களின் இறுதியில் எழுதித் தந்த தொகுப்பில், ஆங்கிலத்தின் மிகப் பழைய கடல்வழிக் குறிப்பு இருக்கிறது. பெர்விக் துறையில் தொடங்கி இங்கிலாந்தைச் சுற்றிவருகிறது. இரண்டு இடங்களைச் சொல்லி, அவை மேற்குவடமேற்கும் கிழக்குத்தென்கிழக்குமாகக் கிடக்கின்றன என்று எழுதும் பாணி அதற்கு. திசையை இரண்டு முனையிலும் சொல்வதால் போகிறவருக்கும் திரும்புகிறவருக்கும் ஒரே வரி போதும். போவது ஒரு சொல், வருவது ஒரு சொல் என்று பழைய இலக்கணம் பிரித்துவைத்தது இங்கே ஒற்றைக் கோடாகிவிட்டது.

அதே குறிப்பு கடலேற்ற நேரத்தையும் திசையிலேயே சொல்கிறது. அமாவாசை அல்லது பௌர்ணமியன்று நிலவு எந்தத் திசையில் நிற்கும்போது ஒரு துறையில் நீர் முழுமையாக ஏறுமோ, அந்தத் திசைதான் அந்தத் துறையின் கணக்கு. தெற்கு என்றால் 12 மணி, தென்மேற்கு என்றால் 3 மணி. ஒரு நாளை 32 ஆல் வகுத்தால் ஒரு பங்குக்கு 45 நிமிடம். ஏற்றம் நாளுக்குநாள் தள்ளிப்போவதும் ஏறத்தாழ அவ்வளவே, சுமார் 48 நிமிடம். ஆகவே கடிகாரம் இல்லாத மாலுமி நாளொன்றுக்கு ஒரு பங்கு நகர்த்திக்கொண்டால் போதும். காற்றின் பெயராக இருந்த சொல், நேரத்தின் பெயராகவும் வேலை செய்தது.

மத்தியதரைக் கடலில் நிலைமை வேறு. அங்கே எட்டுக் காற்றுகளுக்கும் தனித்தனிப் பெயர்: டிரமொந்தானா, கிரேகோ, லெவாந்தே, ஷிரோக்கோ என்று போகும். இத்தாலியத் திசைகாட்டி அட்டைகளில் அவற்றின் முதலெழுத்துகளைப் போட்டார்கள். கிழக்கில் மட்டும் எழுத்துக்குப் பதில், சாசரின் கருவியில் இருந்ததைப் போலவே, ஒரு சிலுவை. அழகிய பெயர்கள். ஆனால் எட்டுக்கு மேல் பிரிக்கும்போது நான்கு ஓரசைச் சொற்களின் வசதி அவற்றுக்கு வாய்க்கவில்லை. அந்த நான்கு சொற்களோ 12ஆம் நூற்றாண்டிலேயே கால்வாயைத் தாண்டிவிட்டன. வென்றவர்களின் மொழி தோற்றவர்களிடம் கடன் வாங்கிய அரிய சந்தர்ப்பம் அது. இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஆங்கிலோ-நார்மன் நூல்களில் முதலில் தலைகாட்டி, பிரெஞ்சு மொழியின் சொந்தச் சொற்களாகவே நிலைத்துவிட்டன. அட்லாண்டிக் கரைவழியே ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இறங்கி, 15ஆம் நூற்றாண்டின் நெடுங்கடல் பயணங்களில் உலகெங்கும் போயின. போர்ச்சுகீசியர்கள் கிழக்குக்கு 'லெஸ்தெ' என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'அந்தக் கிழக்கு' என்று 'லெஸ்ட்' எனச் சொன்னதைக் கேட்டவர்கள், முன்னாலிருந்த சுட்டெழுத்தையும் சொல்லின் பகுதி என்று எண்ணி அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.